அல்சூர் சோமேஸ்வரரும் இரவு 9 மணி மாத்திரையும்

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரரைப் பிரதோஷத்தன்று தரிசிப்பதில் ஒரு வசதி உண்டு. பிரதோஷ காலம் மாலை 4.30 முதல் 6 வரை. நந்திக்கு அபிஷேகம் பார்த்து, தீபாராதனை ஒற்றிக்கொண்டு, ஹலசூரு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் 8 மணிக்குள் வீடு. சாப்பாடு, 9 மணிக்கு மாத்திரை, 10 மணிக்குப் படுக்கை. மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் பைபோலார் நோய் உள்ள கணவரையோ மனைவியையோ கூட்டிப்போகிறவர்கள் கோயிலின் பெருமையை விசாரிப்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

பெருமைக்கும் குறைவில்லை. சோழர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் கோயில். விஜயநகர காலத்தில் ஹிரிய கெம்பேகௌடர் கட்டிச் சேர்த்தது அதிகம். உயர்ந்த கோபுரம், வாசலில் நந்திக் கம்பம், திறந்த மண்டபத்தில் 48 தூண்கள். கயிலையைத் தூக்கும் ராவணனையும் கல்லில் பார்க்கலாம், நம் நாயன்மார்களையும் பார்க்கலாம்.

பெயர்தான் இந்தக் குடும்பங்களுக்கு நெருக்கமானது. சோமன் என்றால் சந்திரன். 27 மனைவியரில் ரோகிணியிடம் மட்டும் மயங்கிக் கிடந்ததால், தேய்ந்தே போகும்படி தட்சன் சபித்தான். சந்திரன் தவமிருந்தான். சிவன் இரங்கினார், ஆனால் சாபத்தைத் துடைத்தெறியவில்லை. தேய்வது ஒரு பட்சம், வளர்வது ஒரு பட்சம் என்று ஆக்கி, பிறையாகவே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். முழு நிலவாகட்டும், அப்புறம் சூடுகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. இந்த நோய்க்கான சிகிச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். ஏற்றமும் இறக்கமும் அடியோடு போய்விடும் என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுப்பதில்லை. விழாமல் தாங்க வழி உண்டு என்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு, பௌர்ணமிக்கு ஏறும், அமாவாசைக்கு இறங்கும் என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். ஏற்றத்தை மேனியா என்று சொல்ல ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். இறக்கத்தை டிப்ரஷன் என்று சொல்ல 2 வாரமாவது. பலருக்கு மாதக்கணக்கில் போகும். இரண்டுக்கும் நடுவில் வேலைக்குப் போய், ஈஎம்ஐ கட்டி, எல்லாரையும் போல இருக்கும் நீண்ட காலமும் உண்டு. தேதி பார்த்து முன்கூட்டியே பயந்தால் அந்த நல்ல காலமும் வீணாகிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது விரதத்தில்தான். இந்த நோய்க்குப் பரவலாகத் தரப்படும் லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் அதையும் சமையல் உப்பின் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் சோடியமோ தண்ணீரோ குறைந்தால், சோடியத்தைப் பிடித்து வைக்கிற சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அதே எண்ணிக்கைதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். நோய் தணிந்திருக்கும் காலத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சு. ஆகவே தண்ணீர் கூடக் குடிக்காத ஏகாதசி, உப்பில்லா விரதம், உச்சி வெயிலில் வரிசை மூன்றும் இவர்களுக்கு ஆகாது. நேர்ந்துகொண்டது மாமியாராகவே இருந்தாலும் ஆகாது. பால், பழம், மோர் என்று எளிய விரதம் இருப்பதானாலும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் பாட்டிலோடு கிளம்புங்கள். விரதம் முடிந்த கையோடு ஊறுகாயும் அப்பளமுமாக உப்பைத் திடீரெனக் கூட்டினால் அளவு இறங்கிவிடும், அதுவும் தொல்லைதான்.

தீர்த்தம் வாங்கும்போது கை லேசாக நடுங்கினால் பதற வேண்டாம். லித்தியம் சாப்பிடுகிற பலருக்கு அது உண்டு. இடக்கையை அடியில் கொடுத்தால் சிந்தாது. ஆனால் நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் என்று சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பிரகாரம் சுற்றிக் கால் வலிக்கிறது என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவையும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் பரவாயில்லை. இதே நோய்க்குத் தரப்படும் க்வெட்டியபின், ஓலன்சபின் சாப்பிடுகிறவர்கள் நமஸ்காரம் செய்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மெல்ல உட்கார்ந்து, பிறகு எழட்டும். ஒரு வேளை மாத்திரை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

அடுத்தது தூக்கம். சிவராத்திரியில் 4 கால பூஜை. முதல் காலத்தைப் பார்த்துவிட்டு 9 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், மற்ற மூன்றையும் ஊர் பார்த்துக்கொள்ளும். ஓர் இரவு கண்விழிப்பே மேனியாவைக் கிளப்பிவிடலாம். மார்கழி விடியற்காலைத் தரிசனத்தையும் விட்டுவிடலாம் என்பதே எங்கள் கட்சி. இரவு மாத்திரையின் மயக்கம் அந்நேரத்துக்குத் தெளிந்திருக்காது. 4 மணி எழுச்சிக்காக மாத்திரையையே தள்ளிப்போடும் ஆசையும் வந்துவிடும்.

இந்த வீடுகளில் சந்நிதி வாசலில் வரும் கேள்வி ஒன்று உண்டு. மனைவி கண்ணில் நீர் வழியத் தேவாரம் பாடுகிறாள். இது பக்தியா, ஏறுகிறதா? ஒருமுறை மேனியாவைப் பார்த்துவிட்ட கணவனுக்கு அவளுடைய எந்தச் சந்தோஷத்தைக் கண்டாலும் அடிவயிறு கலங்கும். பாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நேற்றும் முந்தாநாளும் தூங்கினாளா, பாட்டு முடிந்ததும் நிறுத்த முடிகிறதா, வீட்டுக்குப் போகலாம் என்றால் வருகிறாளா என்று பாருங்கள். ஆம் என்றால் அது வெறும் பாட்டு, உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு ராத்திரி மூன்று மூன்று மணி நேரமே தூங்கியும் அசதியே இல்லை, பேச்சு நிற்கவில்லை, சாமி தன்னிடம் மட்டும் ஏதோ சொல்கிறார் என்றால் மறுநாளே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எப்படியானாலும் அர்ச்சகர் முன்னால் "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஏற்றத்தில் இருக்கும்போது கழுத்துச் சங்கிலி உண்டியலுக்குள் போய்விடக்கூடும். போனதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதனால் இருவரும் தெளிவாக இருக்கும் நாளிலேயே பேசி வையுங்கள்: கோயிலுக்கு நகை வேண்டாம், காணிக்கை 101 ரூபாய், யுபிஐ வரம்பு இவ்வளவு. அங்கே நின்று வாதாடினால் குரல்தான் உயரும். "தரிசனம் ஆச்சுங்க, மிச்சத்த வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று வாசல் பக்கம் திரும்புங்கள். மேளமும் மணியும் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே நெருங்காமல் தூண் ஓரமாக நிற்பதும் உதவும்.

இறக்கத்தில் நிலைமை வேறு. குளிப்பதே மலை ஏறுவது போலிருக்கும். "சாமி கும்பிட்டா சரியாயிடும், கெளம்பு" என்று இழுக்காதீர்கள். வந்தால் ஒரு சுற்று, பத்து நிமிடம் மண்டபத்தில் உட்காருவது, அவ்வளவே. வராவிட்டால் விபூதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். "சாமிகிட்டயே போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் அதை பக்தி என்று எடுத்துக்கொள்ளாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருக்கிறது.

பரிகாரம் சொல்லும் உறவினர்கள் இருக்கவே இருக்கிறார்கள். மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கச் சொல்வார்கள். போகலாம், 48 நாளுக்கான மாத்திரையும் பையில் இருந்தால். கட்டிப்போடுகிற இடம் எதுவானாலும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது.

குழந்தை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவதற்கு முன்னால் மனைவியின் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இந்த நோய்க்கான இன்னொரு மருந்தான வால்புரோயேட் இருந்தால் கருவுறும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டும். கருவின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கும். தாமாக நிறுத்தினாலோ நோய் திரும்பும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் இன்னும் கவனம் வேண்டியவை.

தரிசனம் முடிந்து நேரம் இருந்தால் ஏரிப் பக்கம் நடக்கலாம். 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை அங்கேதான். பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு மெட்ரோவுக்குத் திரும்புங்கள். மறுநாள் லித்தியம் ரத்தப் பரிசோதனை என்றால் இரவு 9 மணிக்குப் போட்ட மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை 9-க்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான்.