காந்தம் ஒட்டாத மஞ்சள்

நிக்கல் தேடித் துளையிட்டு எடுத்த பாறை உருளை, அதாவது கோர்; நீள்வாக்கில் அறுத்த அதன் ஒரு துண்டு, இன்று காலை மேசைமேல். தண்ணீர் தெளித்ததும் வெண்கல நிறம் மின்னியது. காந்தம் பச்சக்கென்று ஒட்டியது.

ஒட்டியது பிரோடைட், வெறும் இரும்பு சல்பைடு. நிக்கல் இருப்பது அதற்குள் இளமஞ்சள் கண்களாகக் கிடக்கும் பென்ட்லாண்டைட் என்ற கனிமத்தில். அதைக் காந்தம் இழுக்காது. அந்தக் கண்களைத்தான் எண்ண வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் 1966-இல் துளையில் சிக்கியதும் இதே கூட்டணிதான்.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் 1600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஓடிய கோமாட்டையிட் எரிமலைக்குழம்பு, அடியிலிருந்த கந்தகப் படிவுகளை உருக்கி விழுங்கியது. பிரிந்த சல்பைடுத் துளிகள் குழம்பிலிருந்த நிக்கலை உறிஞ்சி, கனத்தால் குழம்பு ஓடிய வாய்க்காலின் அடியில் தேங்கின.

அதனால் தாது நாடா போல நீளமாக, மெல்லியதாக இருக்கும். தடிமன் பெரும்பாலும் 5 மீட்டருக்குள். துளை சற்று விலகினால் வெறும் பாறைதான் வரும். உடனே இடத்தைக் கைவிடாதீர்கள்! துளைக்குள் மின்காந்த உணரியை இறக்குங்கள். பக்கத்தில் தப்பிய தாது மின்சாரத்தைக் கடத்துவதால் பதில் சொல்லும்.

ஆனால் கிராஃபைட் கலந்த களிப்பாறையும் அதே பதிலைத் தரும். உப்பு ஏரி நிலத்தடி நீர் சமிக்ஞையையே மூடிவிடும்.

மண்ணில் நிக்கல் 1% என்றாலும் நம்பாதீர்கள். தாதுவே இல்லாத கோமாட்டையிட் சிதைந்தாலும் அவ்வளவு சேரும். கூடவே செம்பும் பல்லேடியமும் உயர்ந்திருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு துளையிடலாம்.