206-ம் சாலையில் பத்து நாட்கள்

டிசம்பர் 22

லீவு தொடங்கிவிட்டது. அப்பா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பொதுப்பணித்துறையில் மதகும் பாலமும் பார்த்தவருக்கு நியூ ஜெர்சியின் மாலும் கோயிலும் அலுத்துவிட்டன. "இந்த ஊர்ல பார்க்க வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்றார். அமெரிக்கச் சுதந்திரப் போரில், நாங்கள் இருக்கும் லாரன்ஸ்வில் வழியாகத்தான் 1777 ஜனவரி 2 அன்று பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், வாஷிங்டனைத் தேடிப் படையோடு போனார் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கார்ன்வாலிஸ்? நம்ம கார்ன்வாலிஸா?"

அவரேதான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பளிங்குச் சிலையாக நிற்பவர். பீடத்தில் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொள்ளும் காட்சி செதுக்கியிருக்கும். அது 1792. அதற்குப் பதினைந்து வருடம் முன்னால் இதே மனிதர், நான் தினமும் பால் வாங்கப் போகும் 206-ம் சாலையில் சேற்றை மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். அப்பாவுக்கு இனி தூக்கம் வராது.

டிசம்பர் 23

டெலவேர் ஆற்றங்கரை, வாஷிங்டன் கிராஸிங். அங்கிருக்கும் இரும்புப் பாலம் படு குறுகல். எதிரே ஒரு வேன் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். ஆனால் 1776 டிசம்பர் 25 இரவு இதில் பனிக்கட்டிகள் மிதந்து வந்தன. நள்ளிரவுக்குப் பிறகு ஆலங்கட்டியும் பனியுமாக அடித்தது. ட்ரென்டனில் இருந்த எதிரிப் படையைத் தாக்க வாஷிங்டன் இதைக் கடந்தார்: 2,400 பேர், 18 பீரங்கி, குதிரைகள். டர்ஹம் படகு என்பது பிலடெல்பியாவுக்கு இரும்பு ஏற்றிப் போகும் சரக்குப் படகு. நாற்பது அடிக்கு மேல் நீளம், எட்டடி அகலம், தட்டையான அடி. சிப்பாய்கள் அதில் நின்றுகொண்டே வந்தார்கள். துடுப்புப் போட்டவர்களில் பலர் மார்பிள்ஹெட் ஊர் மீனவர்கள். கரையில் நின்று கத்தி ஏற்பாடு செய்தவர் ஹென்றி நாக்ஸ். போருக்கு முன்னால் பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். புத்தகக் கடைக்காரருக்கு அப்படி ஒரு குரல்!

நள்ளிரவுக்குள் முடிய வேண்டிய வேலை, பீரங்கிகள் கரையேற மூன்று மணி ஆகிவிட்டது. வேறு இரண்டு இடங்களில் கடக்க வேண்டிய படைகளால் திட்டப்படி வர முடியவில்லை. வாஷிங்டனுக்கு அது தெரியாது.

டிசம்பர் 26

ட்ரென்டன். போர் நினைவுத் தூண் பக்கம் காரை நிறுத்த இடம் தேடியதிலேயே அரை மணி நேரம் போயிற்று. பீரங்கிகளை நிறுத்திய இடம் இதுதான். இங்கிருந்து இரண்டு தெருக்களும் சரிவாக இறங்குகின்றன. மேலே நிற்பவன் கை ஓங்கியிருக்கும் என்பது பார்த்தாலே புரிகிறது.

ஊருக்குள் இருந்தவர்கள் ஹெஸ்ஸியன்கள். பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் சிற்றரசர்களிடம் கூலிக்கு எடுத்த சிப்பாய்கள், சுமார் 1,500 பேர். கிறிஸ்துமஸ் குடியில் மயங்கிக் கிடந்தார்கள் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பல நாளாகச் சுற்றுவட்டார ஊர்க்காரர்களின் ஆயுதக் குழுக்கள் சீண்டிச் சீண்டி அவர்களைத் தூங்கவே விடவில்லை. களைத்துப் போயிருந்தார்கள் என்பதுதான் சரி. காவல் அரண் கட்டும்படி சொல்லியும் அவர்களின் கர்னல் ரால் கட்டவில்லை.

"ஒரு மண்மேடுகூடப் போடலையா?" அப்பாவுக்கு நிஜமாகவே கோபம்.

சண்டை ஒரு மணி நேரம்போலத்தான். சுமார் 900 பேர் பிடிபட்டார்கள், ரால் காயத்தில் இறந்தார். வாஷிங்டன் பக்கம் காயம்பட்ட சிலரில் பதினெட்டு வயது லெப்டினன்ட் ஜேம்ஸ் மன்றோவும் ஒருவர், பின்னாளில் ஜனாதிபதி.

டிசம்பர் 28

மழை. குளிரில் இட்லி மாவு பொங்கவே இல்லை. அப்பா செல்போனில் அந்தப் பிரபல ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்: படகில் வாஷிங்டன் நிமிர்ந்து நிற்பாரே, அது. 1851-ல் லாய்ட்ஸ என்ற ஓவியர் ஜெர்மனியில் வரைந்தது. படகு தப்பு, கொடியும் தப்பு. அந்தக் கொடி 1777 ஜூனில்தான் வந்தது. ஆனால் துடுப்புப் போடுகிறவர்களில் ஒரு கறுப்பினத்தவரை வரைந்திருக்கிறார், அது சரி. மார்பிள்ஹெட் படையில் கறுப்பினத்தவர் இருந்தார்கள். போர் முழுக்க வாஷிங்டனின் கூடவே இருந்த வில்லியம் லீ, அவருக்குச் சொந்தமான அடிமை. சுதந்திரப் போர் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வந்துவிடுகிறது.

டிசம்பர் 30

அமெரிக்கா எப்போது பிறந்தது என்று கேட்டால் இங்கே குழந்தைகூட ஜூலை 4 என்று சொல்லும். என்னைக் கேட்டால் இந்த நாட்களைச் சொல்வேன். 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றார்கள், சரி. அப்புறம் நடந்ததெல்லாம் தோல்வி. புரூக்ளினில் அடி. நவம்பரில் வாஷிங்டன் கோட்டை விழுந்து 2,800 பேர் கைதானார்கள். மாநிலப் பிரதிநிதிகளின் சபையான காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டு பால்டிமோருக்கு ஓடியது. ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது என்று வாஷிங்டனே தம்பிக்கு எழுதினார். இதற்கெல்லாம் மேலே, பெரும்பாலான சிப்பாய்களின் ஒப்பந்தம் டிசம்பர் 31-ஓடு தீர்கிறது. ட்ரென்டனில் ஜெயித்த கையோடு அந்தப் படை வீட்டுக்குப் போகப் போகிறது!

ஒரு சார்ஜென்ட் பின்னாளில் எழுதி வைத்ததால் அந்தக் காட்சி நமக்குத் தெரிகிறது. வாஷிங்டன் படைப்பிரிவின் முன்னால் குதிரையில் வந்து, இன்னும் ஆறு வாரம் இருங்கள், ஆளுக்குப் பத்து டாலர் தருகிறேன் என்றார். மாதச் சம்பளம் ஏழு டாலரைத் தொடாத காலம். முரசு அடித்தார்கள். ஒருவர்கூட நகரவில்லை. வாஷிங்டன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய், மறுபடி வந்து பேசினார். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நீ இருந்தா நானும் இருக்கேன்' என்கிற மாதிரி முணுமுணுப்பு. முதலில் சிலர், பிறகு நடக்கத் தெம்பு இருந்த ஏறக்குறைய எல்லாரும் முன்னால் வந்தார்கள். பெயர் எழுதிக்கொள்ளலாமா என்று ஓர் அதிகாரி கேட்டாராம். இப்படி வருகிறவர்களுக்குப் பதிவு எதற்கு என்றாராம் வாஷிங்டன்.

அந்தப் பத்து டாலர் அப்போது அவர் கையில் கிடையாது. பிலடெல்பியாவில் இருந்த வணிகர் ராபர்ட் மோரிஸுக்கு எழுதிக் கேட்டார். மோரிஸ் புத்தாண்டுக் காலையில் 50,000 டாலர் காகிதப் பணம் அனுப்பினார். "கான்ட்ராக்டர் வேலை," என்றார் அப்பா. "முதல்ல ஆளைப் பிடி, அப்புறம் பில்லு."

ஜனவரி 2

ட்ரென்டன் செய்தியால் கார்ன்வாலிஸின் லீவு ரத்தாகியிருந்தது. இங்கிலாந்துக்குக் கப்பலேறக் காத்திருந்தவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நம் 206 வழியாக வந்தார். பிரின்ஸ்டனிலிருந்து ட்ரென்டனுக்கு நான் காரில் அரை மணியில் போவேன். அவருக்குப் பகல் முழுக்க ஆனது. வழியெல்லாம் சேறு, மரங்களுக்குப் பின்னாலிருந்து வாஷிங்டன் பக்கத்து அதிகாரி எட்வர்ட் ஹேண்டின் ஆட்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அஸன்பிங்க் ஓடைப் பாலத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பாலத்தை மூன்று முறை தாக்கியும் கடக்க முடியவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த ராத்திரி சேறு உறைந்தது. இதைப் படித்தபோது சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டேன். இன்று காலை கொல்லைப்பக்கம் குப்பைத் தொட்டியை வைக்கப் போன அப்பா கூப்பிட்டார். நேற்று அவர் செருப்பு புதைந்த இடம், அச்சு அப்படியே இருக்க, கல்லாகக் கிடந்தது. காலால் தட்டிப் பார்த்தார். "இதுல பீரங்கி போகும்மா," என்றார்.

போனது. தீ எரிந்துகொண்டிருக்க ஆட்களை விட்டுவிட்டு, சக்கரங்களுக்குத் துணி சுற்றி, வாஷிங்டன் பக்கவழியாகப் பிரின்ஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜனவரி 3

பிரின்ஸ்டன் களம் இன்று வெறும் புல்வெளி, ஓரத்தில் கிளார்க் வீடு. துப்பாக்கி ஈட்டியால் குத்தப்பட்ட, வாஷிங்டன் படையின் ஜெனரல் மெர்சர் ஒன்பது நாள் கழித்து இறந்தது அந்த வீட்டில்தான். வாஷிங்டன் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே குதிரையில் போக, அவர் விழுவதைப் பார்க்கப் பயந்து உதவியாளர் ஒருவர் தொப்பியால் கண்ணை மூடிக்கொண்டாராம். அன்றும் ஜெயித்தார்கள். கார்ன்வாலிஸ் விழித்தபோது எதிர்க்கரையில் ஆளில்லை.

அப்பா வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்: "அந்தப் பத்து டாலருக்கு நின்னவங்க, ஆறு வாரம் கழிச்சு ஊருக்குப் போனாங்களா?"

அந்த சார்ஜென்ட் அதையும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர், சண்டையிலும் அதைத் தொடர்ந்து வந்த அம்மையிலும் போய்விட்டார்கள்.

அப்பா மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "கெளம்பலாம்மா, குளுருது," என்றார்.