பவானி ஜமக்காளமும் பூட்டிய கணக்கும்: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 23, 2025, சனி

அமெரிக்காவுக்குப் போகும் தபால் பார்சல்களை 25ஆம் தேதியிலிருந்து நிறுத்துவதாக அஞ்சல் துறை இன்று அறிவித்துவிட்டது. கடிதமும், 100 டாலருக்குள் வரும் பரிசுப் பொருளும் மட்டும் போகுமாம். 800 டாலர் வரையிலான சாமானுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 29ஆம் தேதியோடு எடுக்கிறது. தபாலில் போவதற்கு வரியை யார் வசூலித்து எப்படிக் கட்டுவது என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதனால் விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்ற மாட்டோம் என்கின்றன.

என் கவலையெல்லாம் ஏற்கெனவே கிளம்பிவிட்ட பார்சல்கள்தான். புரட்டாசியில் கொலுவுக்கு முன்னால் விரிக்க வேண்டும் என்று நியூ ஜெர்சி, டெக்சாஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இந்த மாதம் என்னிடம் நிறைய ஜமக்காளம் எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் பணம் கட்டிவிட்டார்கள். அந்தப் பணம் நூல்கடைக்கும் சாயப்பட்டறைக்கும் கூலிக்கும் போயும் விட்டது.

செப்டம்பர் 1, திங்கள்

இப்போது கடிதமும் கிடையாது, எல்லாமே நிறுத்தம். தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: “திரும்பி வந்துச்சுன்னா தபால் செலவைத் திருப்பித் தந்துருவோமுங்க. அதுக்கு மேல எங்க கையில ஒண்ணுமில்லீங்க.” போதாததற்கு, 27ஆம் தேதியிலிருந்து நம் சரக்குக்கு அங்கே 50 சதவீத வரி.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெளிநாட்டில் எடுப்பவர்கள் கட்டும் பணத்தை நடுவிலிருந்து வாங்கித் தரும் நிறுவனத்திடமிருந்து காலையில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. உங்கள் கணக்குக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறோம் என்கிறார்கள். “பொருள் வரவில்லை” என்ற புகார்கள் சில நாட்களில் திடீரென்று கூடிவிட்டனவாம். இனி கணக்குக்குள் பணம் வரலாம், வாங்கியவருக்குத் திருப்பியும் தரலாம், ஆனால் வங்கிக்கு எடுக்க முடியாது. ஆவணங்கள் சரியில்லை என்றால் 180 நாள் வரை பிடித்து வைப்பார்களாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், அமெரிக்கப் பணம் அந்தக் கணக்கில் இப்போது இல்லவே இல்லை. அது முன்பே வங்கிக்கு வந்து செலவாகிவிட்டது. உள்ளே நிற்பது நேற்றுத்தான் வந்த சிங்கப்பூர்க் கடைக்காரரின் தீபாவளி ஆர்டருக்கான முன்பணம். மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கூட. சிங்கப்பூருக்குத் தபாலும் போகிறது, கப்பலும் போகிறது. அவர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. அவருக்காகப் போட்ட பாவு, அதாவது நீளவாட்டு நூல், பவானி பக்கத்து ஜம்பையில் தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

ராத்திரி முழுக்க அவர்களுடைய விதிமுறைகளைப் படித்தேன். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது விளங்குகிறது. கார்டில் பணம் கட்டியவர், பொருள் வரவில்லை என்று தன் வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. அப்படிக் கேட்டுவிட்டால் அந்த வங்கி நடுவில் இருக்கும் நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். விற்றவர் கணக்கு காலியாக இருந்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு. 180 நாள் கணக்கு அங்கிருந்து வருவதுதான்.

அது நியாயம்தான். புகாருக்கு உட்பட்ட தொகை எவ்வளவோ அவ்வளவை நிறுத்தட்டும். சம்பந்தமே இல்லாத ஒரு ஊர்க்காரர் கொடுத்த மொத்தப் பணத்தையும் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இன்று செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எடுத்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினேன். பார்சல் நம்பர், அது நிற்கும் இடம், நிறுத்தத்தின் காரணம் எல்லாம் சொல்லி, “காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பிவிடவா?” என்று கேட்டேன். புகார் கொடுத்துவிட்டவர்களுக்கு நானாகவே திருப்பிவிட்டேன். அதுவும் சிங்கப்பூர்ப் பணத்திலிருந்துதான் போனது. திருப்பினாலும் நிறுவனம் முதலில் பிடித்த கட்டணம் திரும்பி வராது. பரவாயில்லை. புகார் வங்கி வரைக்கும் போய் முற்றினால் அதற்குத் தனி அபராதம், கணக்குக்கும் கெட்ட பெயர்.

சாயந்திரத்துக்குள் பல பேர் பதில் போட்டுவிட்டார்கள். பெரும்பாலானவர்கள், “அவசரமில்லைங்க, வரும்போது வரட்டும், கொலு அடுத்த வருஷமும் வைக்கத்தானே போறோம்” என்றே எழுதியிருந்தார்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜம்பைக்குப் போனேன். பெரியம்மாவும் அவர் மருமகளும் அகலத் தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் கால் மிதிக்க, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. சிவப்புப் பட்டை முடிந்து பச்சை தொடங்கும் இடம். தடித்த நூல் என்பதால் ஒவ்வொரு முறை பலகையை இழுத்து அடிக்கும்போதும் தோள் முழுக்க அசைகிறது. அறுபதைத் தாண்டிய உடம்பு.

விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

“பணம் வந்துருச்சுங்கற. எடுக்க முடியலீங்கற. அதெப்படிக் கண்ணு?”

“சந்தேகப்படறாங்க பெரியம்மா. காயிதம் கேக்கறாங்க.”

“நாம நெய்ஞ்சு தாட்டிவுட்டது நெசந்தானே? தறியக் காட்டு. வேற என்ன காயிதம்?”

மருமகள் நாடாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்: “தீவாளி நோம்பிக்குக் கூலி வருமுங்களா அக்கா?”

வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் இப்போது தறி போடுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்த வயதுக்காரர்கள்தான். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பட்டியலில் 1985ஆம் வருடச் சட்டப்படி ஜமக்காளமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் அடித்த சரக்கு இதே பெயரில் பாதி விலைக்கு விற்கிறது. கைத்தறிக்கு உரிய விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள்தான். அந்த வழி ஒரு மாதம் அடைபட்டால் இந்தத் தறி நின்றுவிடும். நின்ற தறியில் மறுபடி உட்காரப் பிள்ளைகள் யாரும் வரப்போவதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கேட்ட ஆவணங்கள்: அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், அனுப்பியதற்கு ஆதாரம், சரக்கு எங்கிருந்து வாங்கியது என்பதற்கு பில்.

அனுப்பிய ஆதாரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய பார்சல்கள் பலவற்றுக்கு நம் தபால் பக்கத்தில் “இந்தியாவை விட்டுப் போனது” என்பதோடு தகவல் நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்று முடியும் அதே எண்ணை அமெரிக்கத் தபால் துறையின் பக்கத்தில் போட்டால், எந்த ஊரில் எந்தத் தேதி ஒப்படைத்தார்கள் என்பது வரைக்கும் காட்டுகிறது. ஒவ்வொன்றையும் படம் பிடித்து, பில்லோடும் தபால் ஏற்றுமதிப் படிவத்தோடும் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்கினேன். மகள்தான் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

இரண்டு காரணம் சொல்லி ஆவணங்களைத் திருப்பிவிட்டார்கள்.

ஒன்று, பெயர் பொருந்தவில்லையாம். பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் கடைசியில் நிற்கிறது. வங்கியில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. அவர்கள் கணக்கில் குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம் என்பதால் அங்கே வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான். மூன்றிலும் இருப்பது ஒரே ஆள் என்று வங்கி மேலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் வாங்கிவிட்டேன். அவர் உடனே கொடுத்தார்.

இரண்டாவது, சரக்கு பில். இதுதான் மலை. நான் சரக்கை யாரிடமும் வாங்குவதில்லை. நூல் வாங்குகிறேன், சாயம் போடக் கொடுக்கிறேன், பாவும் ஊடையும் தறிக்குப் போகிறது, நெய்து வந்ததும் கூலி கொடுக்கிறேன். கூலிக்கு பில் கிடையாது. கூலி நோட்டு உண்டு. தேதி, எத்தனை உருப்படி, தொகை, எதிரில் கையெழுத்து அல்லது ரேகை. மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். அந்தப் பக்கங்களை அனுப்பினால், “வாசிக்க இயலவில்லை, முறையான பில் அனுப்பவும்” என்று ஒரு வரி. வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெருவிரல் ரேகையைப் பார்த்தால் என்ன தோன்றுமோ.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆடிட்டர் அண்ணாவைப் பார்த்தேன். நல்ல யோசனை சொன்னார். நூல் பில், சாயப்பட்டறை பில், கூலி நோட்டுப் பக்கம் மூன்றையும் ஒரே ஜமக்காளத்துக்கு என்று கோத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆங்கிலம் எழுதி, “கைத்தறி உற்பத்தி முறை இதுதான்” என்று அவர் கையெழுத்திட்டுச் சான்று தருகிறார். பெரியம்மாவின் நெசவாளர் அடையாள அட்டையையும் அவர் சம்மதத்தோடு வைக்கிறோம். ஆதார் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன், அது அவர்களுக்குத் தேவையில்லாதது.

அவர் சொன்ன இன்னொன்று எல்லா விற்பனையாளருக்கும் உதவும். நாடு கடந்து பணம் வாங்கித் தரும் நிறுவனங்களை 2023 அக்டோபர் 31 சுற்றறிக்கை மூலம் ரிசர்வ் வங்கி நேரடியாகத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டது. இந்த 15ஆம் தேதி எல்லாவற்றையும் சேர்த்துப் புது ஒழுங்குமுறையும் வந்திருக்கிறது. குறைதீர்க்க ஒரு பொறுப்பு அலுவலரை அவர்கள் வைத்தே ஆக வேண்டும். “சாட்ல கேக்காதீங்க, அந்த ஆளுக்கு எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.

சிங்கப்பூர்க் கடைக்காரர், “பேநவ் வழியா உங்க யுபிஐக்கே போட்டுடட்டுமா?” என்று கேட்டார். பேநவ் என்பது நம் யுபிஐ மாதிரி அவர்கள் ஊரில் இருப்பது. பாவம், உதவத்தான் கேட்கிறார். 2023இல் வந்த அந்த இணைப்பு தனிநபர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு, வியாபாரத்துக்கு இல்லை. ஏற்றுமதிப் பணம் அதற்குரிய குறியீட்டோடு வங்கிக்கு வந்தால்தான் நாளைக்குக் கேள்வி வராது. அடுத்த தவணையை நேராக நடப்புக் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பச் சொன்னேன்.

நான் பகிர்ந்துவரும் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் அழைத்து, கணக்கைத் திறந்து தருகிறேன், போனில் ஒரு செயலியை ஏற்றுங்கள் என்றார். வைத்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி வரும், ஏமாந்துவிடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஜம்பையில் தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தார்கள். சிங்கப்பூர்ச் சரக்கு முடிந்தது. கணக்கு திறக்கவில்லை என்றாலும் சொன்ன தேதிக்கு அனுப்பிவிட்டேன். அவர் பணம் கட்டிவிட்டார், அவருக்குச் சரக்கு போக வேண்டும்.

அக்டோபர் 11, சனி

வளையல்களை வங்கியில் வைத்துப் பணம் வாங்கி, எல்லாத் தறிக்கும் கூலியும் தீபாவளி முன்பணமும் கொடுத்து முடித்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த வட்டியை யார் தருவார்கள் என்று நிறுவனத்துக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

நேற்றிலிருந்து அமெரிக்காவுக்குத் தபால் மறுபடி போகிறது. அறிவித்த மதிப்பில் 50 சதவீத வரியை இங்கேயே புக்கிங் சமயத்தில் கட்டிவிட வேண்டும். வாங்குபவர் அங்கே எதுவும் கட்ட வேண்டியதில்லை. திரும்பி வந்த ஜமக்காளங்களுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்குப் புது விலை எழுதிக் கேட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிலர் வரியில் பாதியைத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள்.

நவம்பர் 6, வியாழன்

குறைதீர் அலுவலரிடமிருந்து பதில் வந்தது. முதன்முறையாக ஒரு மனிதர் எழுதிய கடிதம். கூலி நோட்டை அவர் படித்திருக்கிறார். ஒரு குறிப்பிட்ட வரியைச் சுட்டி, இந்தத் தொகை இரண்டு ஆளுக்கா என்று கேட்டார். ஆம், அகலத் தறிக்கு இரண்டு பேர் என்று எழுதினேன். மதியமே கட்டுப்பாடு நீங்கியது. சிங்கப்பூர்க்காரர் ஒப்படைப்பு ரசீதை அவராகவே அனுப்பி வைத்ததும் உதவியிருக்கிறது.

முழுக்க இல்லை. இனி ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை 90 நாள் பிடித்து வைப்பார்களாம். சரி. எவ்வளவு, எத்தனை நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப நூல் வாங்கிக்கொள்ளலாம். தெரியாமல் ஒரே நாளில் எல்லாம் நிற்பதைத்தான் தாங்க முடியாது.

நவம்பர் 17, திங்கள்

பணம் வங்கிக்கு வந்து வளையல் மீண்டுவிட்டது. ஏற்றுமதிப் பணத்தை உள்ளே கொண்டுவர இருந்த 9 மாத அவகாசத்தை ரிசர்வ் வங்கி 15 மாதமாக நீட்டியிருக்கிறது. பணம் எங்காவது மாட்டிக்கொண்ட என் போன்றவர்களுக்கு அந்த விதத்தில் நிம்மதி.

மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்களுக்கு இனி வங்கிக் கணக்கு மட்டும்தான். ஒன்றிரண்டாக எடுக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கார்டு வழியே இருக்கட்டும். அமெரிக்கச் சிக்கலில் சிங்கப்பூர்க் கூலி இன்னொரு தடவை மாட்டக் கூடாது.

புகாருக்கு உட்பட்ட தொகையை மட்டும் நிறுத்துங்கள், மற்றதை விடுங்கள் என்று விதியையே மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தேன். வட்டியைப் பற்றியும்தான். இரண்டுக்கும் பதில் வரவில்லை. இந்த வாரம் மறுபடி எழுதுகிறேன். இதே மாதிரி கணக்கு நின்றவர்கள் பவானியிலும் சென்னிமலையிலும் கரூரிலும் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.