19 வயதில் வந்த கவுட்

என் அக்கா மகனுக்கு 19 வயதில் வலது கால் பெருவிரல் ஒரே இரவில் சிவந்து வீங்கியது. போர்வையின் ஓரம் பட்டாலே துடித்துப்போனான். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிக அதிகம், அது மூட்டில் படிந்து வலிக்கும் கவுட் என்று தெரிந்ததும், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கறியையும் மீனையும் நிறுத்தச் சொன்னார்கள். அவன் அசைவம் தொட்டே ஐந்து வருடம் ஆகியிருந்தது.

பிறகு பார்த்த மருத்துவர்தான், தாய்வழி ஆண்களில் யாருக்காவது சிறுநீரகக் கல் உண்டா என்று கேட்டார். எங்கள் அம்மாவின் தம்பி முப்பதுகளிலேயே சிறுநீரகம் பழுதாகி இறந்தவர். நொதிப் பரிசோதனையில், எச்.பி.ஆர்.டி. என்ற நொதி அவனுக்குக் குறைவாகச் செயல்படுவது தெரிந்தது.

உடலில், மரபணுப் பொருளின் பகுதிகளான பியூரின்கள் சிதையும்போது உண்டாகும் ஹைப்போசாந்தினையும் குவானினையும் மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்த வைப்பது இந்த நொதி. இது குறைந்தால் அவை வீணாகி யூரிக் அமிலமாகின்றன; அதோடு, மீட்புக்குச் செலவாக வேண்டிய மூலப்பொருள் தேங்கிப் புதிய பியூரின் உற்பத்தியையும் முடுக்கிவிடுகிறது. உணவுக்கட்டுப்பாடு மட்டும் அவனுக்குப் போதாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

நொதி அறவே இல்லாத நிலையை 1964இல் பால்டிமோரில் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹான் இருவரும் இரண்டு சகோதரர்களிடம் கண்டு விவரித்தார்கள். அந்தக் குழந்தைகள் தம் உதட்டையும் விரல்களையும் தாமே கடித்துக்கொள்வார்கள். அலோபியூரினால் என்ற மாத்திரை யூரிக் அமிலத்தைக் குறைக்கும். அந்தக் கடிப்பை நிறுத்தாது. படித்தபோது நெஞ்சு அடைத்தது. குறைபாடு பகுதியளவே என்பதால் எங்கள் பையன் அதிலிருந்து தப்பினான். மாத்திரையும் நிறையத் தண்ணீரும் அவனுக்கு நன்றாகவே உதவுகின்றன.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்புத் துணியில் செங்கல் பொடி போல ஆரஞ்சு நிறக் கறை மாதக்கணக்கில் படிந்ததை அக்கா இப்போது நினைவுகூர்கிறாள். சூடு என்று சொல்லி வெந்தய நீர் கொடுத்தோம். பிறந்த முதல் சில நாட்களில் அப்படிக் கறை படிவது இயல்புதான். தொடர்ந்து வந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதன் பழுதான வடிவத்தைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் இந்தக் குறை வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவிடமிருந்து அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாம். எனக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான். நேற்று எங்கள் இருவரின் இரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.