ரோபோவில் இடது பக்கம் திரும்பு

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு இன்டர்ன்ஷிப் வரும் பையனின் பெட்டியில் இட்லிப் பொடி இருக்கும், ஊறுகாய் இருக்கும், ஆப்பிரிக்காவில் என்ன ஆகுமோ என்று அம்மா கட்டிக் கொடுத்த மருந்துப் பொட்டலமும் இருக்கும். சரியான பிளக் மட்டும் இருக்காது.

அறைக்குள் நுழைந்து சுவரைப் பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்துவிடும். அட, நம்ம ஊர் மூணு உருண்டை ஓட்டை! லேப்டாப் பிளக்கை வைத்தால் போகாது. அது நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் வைக்கிற 16 ஆம்பியர் பாயிண்டின் அளவு. அவன் கையிலிருப்பது 6 ஆம்பியர் பிளக். கீழ் பின்கள் இரண்டுக்கும் நடுவே சின்னதில் 19 மில்லிமீட்டர், பெரியதில் 25.4. முட்டியால் குத்தினாலும் போகாது. மற்றபடி இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது.

லேப்டாப் மட்டும்தான் என்றால் அடாப்டரில் செருகும் ஒயரை இங்கே கடையில் புதிதாக வாங்கினால் முடிந்தது. மற்ற சாமான்களும் இருந்தால் ஊரிலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதன் 6 ஆம்பியர் பிளக்கை வெட்டிவிட்டு 16 ஆம்பியர் பிளக் டாப்பை மாட்டிக்கொண்டு வரவும். பச்சை ஒயர் மேலே உள்ள தடித்த பின்னுக்கு. கரண்ட் வரும் L ஒயரும் நியூட்ரலான N ஒயரும் மாறிவிட்டால் பாக்ஸ் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். ஆஃப் செய்த பிறகும் பாயிண்டில் கரண்ட் நிற்கும். பிளக்கில் 16 என்று எழுதியிருப்பதால் ஒயருக்குத் தெம்பு வந்துவிடாது. மெல்லிய ஒயரில் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால், பிரேக்கர் விழும் முன்னால் ஒயர் இளகும். இதெல்லாம் அறைக்குத்தான். தொழிற்சாலைக்குள் கொண்டுபோனால் சேஃப்டி ஆபீசர் முதல் நாளே அர்ச்சனை செய்வார்.

பிளக் கதையே மேல். அது இடிக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மெக்கட்ரானிக்ஸ் படித்தவனிடம் ‘ரெண்டாவது ரோபோவில் லெஃப்ட் எடு’ என்று வழி சொன்னால் அவன் ரோடு பூரா ரோபோ தேடுவான். இங்கே ரோபோ என்றால் சிக்னல் விளக்கு. அது எரியாவிட்டால் எல்லா வண்டியும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போகவேண்டும். நம்ம ஊர்ப் பழக்கத்தில் ஹாரனை அடித்துக்கொண்டு புகுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

‘நவ் நவ்’ என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில். ‘ஜஸ்ட் நவ்’ என்றால் அப்புறம். அந்த அப்புறம் நாளைக்கும் போகலாம். பேனலை ஐசொலேட் பண்ண, அதாவது கரண்ட் வராமல் துண்டித்துப் பூட்ட, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு, ‘ஜஸ்ட் நவ்’ பதிலை நம்பி ஹெல்மெட்டோடு இரண்டு மணி நேரம் நின்றவர்கள் உண்டு. எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்குங்கள். அவர் வந்து பூட்டியதும் உங்கள் பூட்டையும் தனியாகப் போடுங்கள், சாவி உங்கள் பாக்கெட்டில். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில். நடுவில் மீட்டரே செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். இந்த விஷயத்தில் ‘ஜஸ்ட் நவ்’ கிடையாது.

‘ஷேம்’ இன்னும் மோசம். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று இவன் சொல்ல, மேனேஜர் ‘ஷேம்’ என்பார். வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டார் என இவனுக்கு முகம் சிவந்துவிடும். அவர் சொன்னது ‘ஐயோ பாவம்’. குழந்தையைப் பார்த்துக் கொஞ்சவும் அதே சொல்தான்.

மதியம் பன்னி சௌ. முயலும் இல்லை, நாம் நினைக்கிற பன்றியும் இல்லை. முழு பிரெட்டில் கால் பங்கை வெட்டி, நடுவைத் தோண்டிக் குழம்பை ஊற்றி, தோண்டிய துண்டை மேலே வைத்துத் தருவார்கள். கடையில் ‘குவார்ட்டர் மட்டன்’ என்றால் இதுதான். ஊர் நினைப்பில் சிரிக்க வேண்டாம். சைவத்துக்கு பீன்ஸ். ஸ்பூன் தேடாமல் மேல் துண்டில் தொட்டுத் தொடங்கி, விளிம்பிலிருந்து சுற்றிப் பிய்த்துக் கீழே வரவேண்டும். அவசரப்பட்டு பக்கச் சுவரில் ஓட்டை போட்டால் குழம்பு ஓவராலில்தான். பக்கத்தில் கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சீவி வைப்பது சம்பல்.

கடைசியாகப் பெயர்கள். பேட்ஜில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்று பார்த்ததும் பையன் ‘அண்ணா, எந்த ஊர்?’ என்று தமிழில் ஆரம்பிப்பான். பதில் ஆங்கிலத்தில் வரும். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16-ல் இங்கே கரை சேர்ந்தது. அத்தனை தலைமுறையில் கவுண்டர் கோவெண்டரானார், முதலியார் மூட்லியானார். பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. ஆனால் ‘தாத்தா’, ‘ஆயா’ என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுகிறார்கள். ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று அழைத்தால் ஓட்ஸ் கஞ்சி என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள்.

அங்கேதான் உண்மையான பரீட்சை. ஆங்கில எழுத்தில் அச்சடித்த பதிகத்தைப் பிசகில்லாமல் பாடிவிட்டு ஒரு ஆன்ட்டி இவனைப் பார்ப்பார்: நீ ஊரிலிருந்து வந்தவன்தானே, இந்த வரிக்கு அர்த்தம் சொல்லு. பன்னிரண்டாவதில் தமிழில் சென்டம் வாங்கியவன் முழிப்பான். பாட்டிக்கு போன் போடலாம் என்றால், டர்பனில் இரவு 7 மணிக்கு ஊரில் பத்தரை, பாட்டி தூங்கியிருப்பார். ஆகவே கூழ் வாங்கப் போகுமுன், பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளவும்.