‘டென்ஷன்’ என்று சொல்லிக் கழித்த மூன்று ஆண்டுகள்

தாராவியில் பிறந்து வளர்ந்த நான், பத்தொன்பது வயதில் கர்த் இழுக்கத் தொடங்கி, பிறகு அதையே ஊசியில் ஏற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்தவன். மும்பையில் பிரவுன் சுகர் என்ற கலப்பட ஹெராயினுக்கு அதுதான் பெயர். எடுப்பவனைக் கர்துல்லா என்பார்கள், எங்கள் தெருத் தமிழர்கள் உட்பட. பிறர் போட்ட ஊசியையே நானும் போட்டுக்கொண்டதால் வந்த ஹெச்.ஐ.வி. 2018இல் தெரிந்தது. நோயெதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்ற நடைமுறை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டதால், சில நாட்களில் இலவச மாத்திரைப் புட்டி கைக்கு வந்தது. அந்த வேகத்தில் எனக்குக் குறையில்லை. தூங்குகிறாயா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதைய கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. இரவு படுக்கும்முன் போட வேண்டிய அதற்குத் தலைசுற்றலும் கொடுங்கனவும் தெரிந்த பக்கவிளைவுகள். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அதைக் கூட்டவும் கூடும். விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து உட்காரும்போது, இது மாத்திரையின் வேலையா, கர்த் கிடைக்காத உடம்பின் முறுக்கலா, நோய் முற்றிவிட்டதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ‘டென்ஷன்’ என்றேன். எங்கள் பேச்சில் கடன், சண்டை, ரயில் தாமதம் எல்லாமே டென்ஷன்தான் என்பதால் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு கிளினிக்கில் வேறென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று விசாரிக்காமலே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் ஏ.ஆர்.டி. எனப்படும் அந்த ஹெச்.ஐ.வி. மாத்திரையை நானாகவே நிறுத்தினேன்.

பிறகு அக்கா என்னை, கர்த்துக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் ஓ.எஸ்.டி. மையத்தில் சேர்த்தாள். அப்போது அங்கே தினமும் நேரில் போக வேண்டியிருந்தது. செவிலியர் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை நொறுக்கி நாக்கின் அடியில் வைப்பார். முழுதும் கரையும்வரை, எச்சிலை விழுங்காமல், வாய் பேசாமல் ஐந்து பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கடைசியில் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஊசி நின்றது. ஆனால் போதை மூடிவைத்திருந்த துக்கம் அதன் பிறகுதான் முழுதாக வெளியே வந்தது.

மனநலப் பிரிவைத் தேடிப் போன ஒரு மருத்துவமனையில், “முதலில் பழக்கத்தை முழுசா விட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பினார்கள். போதை சிகிச்சை நடந்த இன்னோர் இடத்தில், மனதுக்கு வேறு பிரிவு என்றார்கள். வரிசையில் நாற்பது பேர் நிற்க, ஓர் ஊழியர் என் தொற்றின் பெயரை உரக்கச் சொல்லி மருத்துவக் கோப்பினை நீட்டிய அன்று வீட்டுக்குத் திரும்பியவன், இரண்டு மாதம் எங்கும் போகவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது என்பதும், அதே ஆண்டு செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டம் என் தொற்றை என் சம்மதமில்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன.

2021இல் ஓ.எஸ்.டி. மையத்தின் ஆலோசகர், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டார். அவர் இந்தியில் கேட்க, எங்கள் பகுதித் தமிழர் ஒருவர் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன். இருந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது. அதற்கு ‘டென்ஷன்’ என்று பதில் சொல்ல முடியாது. 27க்கு 19 வந்தது; எண் கூடக் கூட மனச்சோர்வு அதிகம் என்று அர்த்தம்.

என்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு அவரே ஏ.ஆர்.டி. மையத்துடனும் மனநல மருத்துவருடனும் பேசினார். எஃபாவிரென்ஸை நீக்கி டோலுடெகிராவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றினார்கள். தூக்க மாத்திரையையும் பியூப்ரினார்ஃபினையும் சேர்த்துப் போட்டால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்று கடிந்துகொண்ட மருத்துவர், தூக்க மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் தொடங்கினார். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. இல்லாவிட்டால் பத்தாம் நாளே அதையும் தூக்கிப் போட்டிருப்பேன். அந்த நாட்களில் அக்கா எல்லா மாத்திரைகளையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாக எடுத்துத் தந்தாள். “ஏலே, முதல்ல சோத்தைத் தின்னு” என்பதற்குமேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

அன்று முதல் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரே தாளை எங்கே போனாலும் கொண்டுபோகிறேன். இரவில் தனியாக இருக்க முடியாதபோது 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசியிருக்கிறேன், இலவசம்தான். வைரஸ் அளவு இப்போது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

போன முறை அதே ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். மொத்தம் 6. ஒன்பதாவதற்கு மட்டும் ‘சில நாட்கள்’ என்றேன். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாட்களில் யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டார். அக்காவை என்றேன். கோப்பின் முதல் பக்கத்தில் அவளுடைய எண்ணை எழுதிக்கொண்டார்.