மாரிக்கு முன்னர் சீற் தைத்த கதை

போன ஐப்பசியில் அப்பாவின் ஹைலக்ஸுக்குப் புது சீற் தைத்துப் பூட்டினேன். கார்த்திகையில் அதே சீற்றைக் கழற்றி, அடித்தையலைப் பிரித்து, ஊறிப்போன ஸ்பொஞ்சை மதிலில் காயப்போட்டேன். இடையில் பெய்தது நாலைந்து மழை, அவ்வளவுதான். பழைய பிக்கப் வைத்திருந்து அதன் உள்பக்கத்தைத் திருத்த யோசிக்கிறவர்கள் நான் செய்த ஒழுங்கில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

வாகனம் 1985ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், சிங்கிள் கப், டீசல். போரால் பூட்டியிருந்த, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை 2002இல் திறந்ததும் அடுத்த வருடமே அப்பா கொழும்பில் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அன்று முதல் நீர்வேலியில் வெட்டுகிற வாழைக்குலைகளைத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றுவதுதான் அதற்கு வேலை. 2006இல் பாதையை மறுபடி பூட்டிய பிறகு உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை, உள்ளே எது உடைந்தாலும் வீட்டில் கிடந்ததை வைத்துத்தான் சமாளித்திருக்கிறார். கண்ணாடி இறக்குகிற கைபிடி போன இடத்தில் ஒரு குறடு. கதவை உள்ளேயிருந்து திறக்க வளைத்த கம்பி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு பழைய பிக்கப்புகளுக்குச் சொன்ன விலையைக் கேட்டபோது, இதை விற்கிற எண்ணமும் இன்னொன்று வாங்குகிற எண்ணமும் ஒன்றாகவே போய்விட்டன.

சீற்றைப் பிரித்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலையில் ருசி பிடித்தது. மேலே துவாய், அதற்குக் கீழே நீல ரெக்சின், அதற்குக் கீழே கிழிந்த மண்ணிற ரெக்சின், எல்லாவற்றுக்கும் அடியில் கம்பனி போட்ட உறை, தையல் ஓரங்களில் மட்டும் அசல் சாம்பல் நிறம் மங்காமல் இருந்தது. வளைவுக் கம்பிகளில் மூன்று முறிந்திருந்தன. முறிந்த இடமெல்லாம் சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார் அப்பா. பதினைந்து வருடத்துக்கு மேல் அவருடைய பாரத்தைத் தாங்கிய கட்டு அது. சீற் தைக்கக் கொடுத்த குஷன் கடை அண்ணை அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஆர் கட்டினது? நல்லாத்தான் கட்டியிருக்கினம்" என்றார். பிறகு அறுத்து எறிந்துவிட்டார்.

அவர் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கம்பிகளை மாற்றி, அதன்மேல் சாக்கு விரித்து (சாக்கு இல்லாவிட்டால் கம்பி ஸ்பொஞ்சைத் தின்றுவிடும்), றபர் பூசிய தும்புப் படை ஒன்று, அதன்மேல் ஸ்பொஞ்ச். ஆனால் சீற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த முதல் நாளே அவர் கேட்டார்: "தம்பி, உள்ளுக்குத் தண்ணி வருதோ? முதல் அதைப் பாருங்கோ, சீற் ஓடிப்போகாது." நான் பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. கோடையில் எந்த வாகனத்துக்குள் தண்ணீர் வரும்?

சரி, மழை காட்டிக்கொடுத்தது. அதன்பிறகு செய்ததுதான் உருப்படியான வேலை. என் தம்பி உள்ளே ரோச் லைற்றோடு குந்தியிருக்க, நான் வெளியே குழாயால் தண்ணீர் விட்டேன். கீழிருந்து மேலாகத்தான் விட வேண்டும், கூரையிலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. இரண்டு வழிகள் அகப்பட்டன. ஒன்று முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் றபர். வெயிலில் காய்ந்து சுருங்கி, கீழ் மூலையில் ஒரு நாணயம் நுழையுமளவு விலகியிருந்தது. மற்றது கதவு. கதவுக்குள் தண்ணீர் இறங்குவது வழமைதான், கண்ணாடியோரமாகப் போய் அடியிலுள்ள துவாரத்தால் வெளியேறிவிடும். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாள்தான் அது கபினுக்குள் வராமல் மறிப்பது. எங்கள் கதவுகளில் அந்தத் தாள் இல்லவே இல்லை. துவாரத்தைச் செம்மண் அடைத்திருந்தது. கழற்றுகிறவர்கள் அந்தத் தாளைக் குப்பை என்று எறிந்துவிடுவார்கள், தயவுசெய்து எறியாதீர்கள். நான் தடித்த பொலித்தீனை வெட்டி ஒட்டினேன். முன்கண்ணாடி றபர் மட்டும் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.

தரைப்பாயைத் தூக்கியபோது வந்த வாசனையை எழுத முடியாது. றபர் பாய்க்கு அடியில் சாக்குப்பஞ்சு மாதிரி ஒரு படை உண்டு, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதோடு இருபது வருடத்துச் செம்மண் சேர்ந்து, தோட்டத்து வரம்பு போலவே ஆகியிருந்தது. ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் திருப்புளியால் குத்தினேன், திருப்புளி நிலத்தில் போய் நின்றது. கறளைச் சுரண்டிவிட்டு மேலே பெயின்ற் அடிக்கலாம் என்றார் ஒருவர். அப்படி அடித்தால் கறள் அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். நல்ல தகடு தெரியுமட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்வித்தேன். பற்றரி வயரைக் கழற்றி, பக்கத்தில் ஈரச்சாக்கும் வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டுதான். மற்ற இடங்களில் கம்பித் தூரிகையால் தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மருந்து பூசினால் அது கறுத்து இறுகும், அதன்மேல் ரெட் ஒக்சைட் அடிப்பூச்சு. அந்தச் சாக்குப்பஞ்சைத் திரும்பப் போடவில்லை. சத்தம் கொஞ்சம் கூடத்தான். டீசல் ஹைலக்ஸுக்குள் யார் இரகசியம் பேசப்போகிறார்கள்?

டாஷ்போட்டைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. வெயிலில் வைனில் தோலின் நெகிழ்ச்சி போய் மூன்று இடத்தில் வெடித்திருந்தது. கண்ணாடி கழற்றியிருந்தபடியால் கைவிட இடமிருந்தது, வெடிப்பை நிரப்பி மேலே ரெக்சின் ஒட்டினேன். மீற்றருக்கு மேலே வருகிற வளைவில் சுருக்கம் விழுந்துவிட்டது. அதை அண்ணையிடமே கொடுத்திருக்கலாம். மினுக்கத்துக்கு எண்ணெய் பூசச் சொல்வார்கள், பூசினால் தூசி ஒட்டும், கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்கும், வேறொன்றும் நடக்காது.

சீற்றை இரண்டாம் முறை தைத்தபோது அப்பா முதன்முதலாக வாய் திறந்தார். முதல் தடவை முழுக்க ரெக்சின் போட்டது அவருக்குப் பிடிக்கவில்லையாம். சாரத்தோடு இருந்தால் வழுக்குகிறதாம், மதியத்தில் சுடுகிறதாம், ஸ்பொஞ்ச் உயரத்தில் தலை கூரையில் முட்டுகிறதாம். "அப்ப ஏனப்பா அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீ ஆசையாச் செய்தனி" என்றார். இந்தமுறை ஸ்பொஞ்சை ஓர் அங்குலம் குறைத்து, இருக்கிற இடத்துக்குத் தடித்த துணியும் ஓரங்களுக்கு ரெக்சினுமாகத் தைப்பித்தோம். நிறம் அந்தப் பழைய தையலோரத்தில் பார்த்த சாம்பல்.

பூட்டி இரண்டாம் நாளே துணியில் வாழைக்கயர் பிடித்துவிட்டது, அது போகாது. டாஷ்போட் பெட்டியின் மூடி இன்னும் கிடைக்கவில்லை. இடப்பக்கக் கதவில் குறடுதான் இருக்கிறது, வாங்கிவந்த கைபிடியைப் பூட்ட அப்பா விடுகிறாரில்லை.